மூன்று அங்குல லக்கும் ஏழு பல் சக்கரமும்

தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், காசிமேட்டில் மீனுக்கு உடைத்துப் போடும் ஐஸைத் தவிர வேறு சம்பந்தம் ஐம்பத்திரண்டு வயது வரை எனக்கு இருந்ததில்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் பட்டறையில் மீன்பாடி வண்டிகளுக்கு ஸ்பிராக்கெட் வெட்டுவதும், விசைப்படகு வின்ச்சுகளுக்குப் புஷ்ஷும் ஷாஃப்டும் கடைவதுமே முதன்மையான வேலை. என் அக்கா மகன் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலையூரான ரெவெல்ஸ்டோக்கில் குடியேறி, அங்கே மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்கிறான். 2018-ஆம் ஆண்டு தீபாவளி சமயத்தில் அவன் தொலைபேசியில் “டிரைவர் மாத்தணும் மாமா, நீங்க வரும்போது பார்த்துச் சொல்லுங்க” என்றபோது, வண்டி ஓட்ட ஆள் தேடுகிறான் என்றே நான் நினைத்துக்கொண்டேன். ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டியில் ரப்பர் பட்டையைப் பிடித்து இழுக்கும் பல்சக்கரத்துக்கு அங்கே டிரைவர் என்று பெயர் என்பது 2019 ஜனவரியில் அவன் வீட்டுக் கராஜில் நின்றபோதுதான் விளங்கியது.

வண்டியின் அமைப்பு நம் ஊர் மெக்கானிக்குப் புதிதல்ல. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பதைப் போலவே எஞ்சின் பக்கம் ஒரு கிளட்ச், எதிர்ப்பக்கம் ஒரு கிளட்ச், இரண்டுக்கும் நடுவில் அகன்ற பெல்ட் ஒன்று இருக்கும். வேகம் கூடக்கூடப் பெல்ட் முதல் கிளட்ச்சில் மேலேறி, இரண்டாவதில் கீழிறங்கும். இரண்டாம் கிளட்ச் இருக்கும் ஷாஃப்டிலிருந்து, எண்ணெயில் முழுகிய செயின் பெட்டி ஒன்றின் வழியாக, மேலே சிறிய சக்கரம், கீழே பெரிய சக்கரம் என்று வேகம் குறைந்து, டிரைவ் ஷாஃப்டை அடைகிறது. அந்த ஷாஃப்டில் கோத்த டிரைவர் சக்கரங்கள்தாம் பட்டையைச் சுற்றுகின்றன. கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே 1937-இல் காப்புரிமை பெற்றது பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் இணைந்த இந்த இழுவை முறைக்காகத்தான். அவருடைய சிறிய ஸ்கி-டூ வண்டி 1959-இல்தான் வந்தது. பனியில் ஓடுவதற்கு ஆதாரமான இந்த ஜோடியில்தான் நான் தவறு செய்தேன் என்பதால் இதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மருமகனின் வண்டி 800 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட பழைய மலைவண்டி. பட்டையின் சுற்றளவு 163 அங்குலம். பல்லுக்குப் பல் இடைவெளி, அதாவது பிட்ச், 2.86 அங்குலம், வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் லக்கின் உயரம் 2.25 அங்குலம். டயரில் நாம் பட்டன் என்று சொல்வோமே, அதையே ஒரு சாண் அகலத்துக்கும் இரண்டு விரல் உயரத்துக்கும் வளர்த்துவிட்டால் லக் ஆகிவிடும். ஆழமான பொடிப்பனியில் இந்த உயரம் போதவில்லை என்று அவன் 3 அங்குல லக் உள்ள பட்டை ஒன்றைப் பழைய பொருளாக மலிவு விலைக்கு வாங்கி வைத்திருந்தான். அதன் சுற்றளவு 162 அங்குலம், பிட்ச் 3.0 அங்குலம். பிட்ச் மாறினால் டிரைவரும் மாறியே ஆக வேண்டும், 2.86 பிட்ச்சுக்கு வெட்டிய சக்கரத்தில் 3.0 பட்டையைப் போடுவது, பைக் செயினைச் சைக்கிள் பல்சக்கரத்தில் போடுவதற்குச் சமம். ஆகவே 3.0 பிட்ச்சில் 8 பல் கொண்ட ஒரு ஜோடியையும் அவன் சேர்த்தே வாங்கியிருந்தான். பழைய வண்டியிலும் 8 பல், புதியதிலும் 8 பல், அதனால் சரியாக இருக்கும் என்பது அவன் கணக்கு.

அது சரியல்ல என்று கண்டுபிடித்த பெருமையில்தான் நான் வழுக்கினேன். டிரைவர் ஒரு சுற்றுச் சுற்றினால் பட்டை எவ்வளவு நகரும் என்பது பல் எண்ணிக்கையைப் பிட்ச்சால் பெருக்கினால் கிடைத்துவிடும். பழையது 8 பெருக்கல் 2.86, ஆக 22.88 அங்குலம்; புதியது 8 பெருக்கல் 3.0, ஆக 24 அங்குலம். அதாவது யாரும் கேட்காமலே வண்டி சுமார் 5 சதவீதம் ‘உயர்ந்த கியருக்கு’ப் போய்விடுகிறது; வேகம் கூடும், இழுவை குறையும். செயின் பெட்டியில் மேலே 21 பல், கீழே 43 பல் இருந்தன. மேலே ஒரு பல்லைக் குறைத்து 20 போட்டால் விகிதம் 2.05-இலிருந்து 2.15 ஆகிறது, 24-ஐ 2.15-ஆல் வகுத்தால் மேல் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்குப் பட்டையின் நகர்வு 11.16 அங்குலம், பழைய கணக்கு 11.17 அங்குலம். சுமார் நூற்றில் ஒரு பங்கு அங்குல வித்தியாசத்தில் விடை பொருந்தி வந்ததைக் கண்டதும், தாளை மடித்து அவன் கையில் கொடுத்து, “பழைய வண்டியே மாதிரி இருக்கும்பா” என்றேன். அந்த வாக்கியத்தில்தான் தவறு முழுவதும் அடங்கியிருந்தது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு நாளும் ஒரு பெல்ட்டும் செலவாயின.

இன்னொரு தவறு நூல் கணக்கில் நேர்ந்தது. எங்கள் பட்டறையில் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துப் பேசித்தான் பழக்கம். பழைய பட்டையைக் கழற்றும் முன், அது முன்புறம் டிரைவரைச் சுற்றித் திரும்பும் இடத்தில், லக்கின் நுனிக்கும் அதற்கெதிரே இருக்கும் எஞ்சின் திரவத்தைக் குளிர்விக்கும் அலுமினியக் கூலருக்கும் நடுவே ஸ்கேலை விட்டு அளந்திருந்தேன். 11 நூல் இருந்தது. புதிய லக் 6 நூல் உயரம் அதிகம் என்பதால், மீதி 5 நூல் இருக்கும் என்று வாயாலேயே கழித்துவிட்டேன். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு அளந்தால் மூன்றரை நூல்தான் இருந்தது. பட்டை நெளிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சக்கரமே பெருத்திருந்தது. நகர்வை 3.1416-ஆல் வகுத்துப் பாதியாக்கினால் டிரைவரின் ஆரம் வரும், பழையது 3.64 அங்குலம், புதியது 3.82 அங்குலம். காணாமற்போன ஒன்றரை நூல் அங்கேதான் இருந்தது. கையால் சுற்றிப் பார்த்தோம், எங்கும் உரசவில்லை. ஆகவே மறுநாள் மலைக்குப் புறப்பட்டோம்.

ரெவெல்ஸ்டோக்கைச் சுற்றி பௌல்டர் மலை, ஃபிரிஸ்பி ரிட்ஜ் என்று பனிவண்டிக்காரர்கள் நாடும் இடங்கள் உண்டு. ஊர் 500 மீட்டர் உயரத்துக்குள் இருந்தாலும், வண்டி விளையாடும் இடம் 2000 மீட்டரை ஒட்டியது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு என்பதால், எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைந்துவிடும். அடித்துக் கெட்டித்த பாதையில் ஏறும் வரை எந்தக் குறையும் தெரியவில்லை. மரங்களைத் தாண்டிப் பொடிப்பனிக்குள் நுழைந்ததும் மருமகன் முழு ஆக்ஸிலேட்டரைப் பிடித்தான். முள் நிமிடத்துக்கு 8000 சுற்றைத் தொட வேண்டிய எஞ்சின் 7500-க்குக் கீழேயே முனகிக்கொண்டிருந்தது. இருநூறு அடி ஏறிய வண்டி தன் வாலால் தனக்கே குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மண்வெட்டியால் அரைமணி நேரம் தோண்டி எடுத்தோம். மறுபடியும் ஏறினான், மறுபடியும் உட்கார்ந்தது. மூன்றாம் முறை, எரிந்த ரப்பர் வாடையோடு ‘பட்’ என்று ஒரு சத்தம் வந்தது. பெல்ட் கிழிந்து நாராகிக் கிளட்ச்சைச் சுற்றிக்கொண்டது.

மாற்றுப் பெல்ட் கையில் இருந்ததால் நடந்து இறங்கும் நிலை வரவில்லை. மூடியைத் திறந்து நாரை எடுத்துக்கொண்டிருந்தபோது, வண்டியின் பின்னால் வெள்ளைப் பனிமேல் கருப்பாக ஏதோ சிதறிக் கிடந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். லேத்தில் நைலான் கடையும்போது சுருள் சுருளாக உதிருமே, அதைப் போலவே ரப்பர்ச் சுருள். லக் நுனிகளை ஏதோ ஒன்று சீவிக்கொண்டிருந்தது. கராஜுக்குத் திரும்பி வண்டியைச் சாய்த்துப் பார்த்தபோது, கூலரின் விளிம்பில் வில் போன்ற வளைவில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கும் அளவுக்கு ஆழம். கையால் சுற்றும்போது மூன்றரை நூல் தள்ளி நின்ற லக், வேகத்தில் வெளிநோக்கி விரிந்தும், சுமையில் பட்டை தளர்ந்து துள்ளியும், அந்த மூன்றரை நூலைத் தாண்டியிருக்கிறது. இன்னும் ஒரு நாள் ஓட்டியிருந்தால் கூலரே பிளந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் மலையில் கொட்டியிருக்கும்.

பெல்ட் ஏன் போனது என்பதைக் கண்டறிய, மலையிலிருந்து இறங்கும் முன்பே, நம் பட்டறைகளில் பொருத்தம் பார்க்க நீலம் தடவும் பழக்கத்தைக் கையாண்டேன். முதல் கிளட்ச்சின் சாய்ந்த முகத்தில், நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் நேர்கோடு போட்டு, புதுப் பெல்ட்டோடு பொடிப்பனியில் ஓட்டச் சொன்னேன். பெல்ட் ஏறிய இடம் வரை மை அழிந்திருக்கும். அதற்கு மேல் மை அப்படியே நிற்கும். மை பாதிவரை மட்டுமே அழிந்திருந்தது. முழு ஆக்ஸிலேட்டரிலும் பெல்ட் மேல்பாதிக்கு ஏறவே இல்லை. கீழேயே, சிறிய வட்டத்தில் இறுகி வளைந்து, வழுக்கி வழுக்கி வெந்திருக்கிறது. இந்த வேலைக்குக் கியர் மிகவும் உயர்ந்தது என்பதற்கு இதைவிட மலிவான சாட்சி கிடையாது. விலையுயர்ந்த கருவிகளை வாங்குவதற்கு முன் இந்தப் பத்து ரூபாய்ப் பேனாவை எவரும் முயன்று பார்க்கலாம்.

விகிதம் பழையதேதானே, பழைய பட்டையில் ஓடிய எஞ்சின் இதில் ஏன் திணறுகிறது என்று மருமகன் கேட்டான். எனக்குப் பேசின் பிரிட்ஜ் மேடு நினைவுக்கு வந்தது. அப்பா இருந்த காலத்தில் ஒரு மீன்பாடி வண்டிக்காரர், காலியாக ஓடும்போது வேகம் போதவில்லை என்று முன் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல்லைக் கூட்டி வாங்கிப் போனார். மறுநாள் ஐஸும் மீனுமாக ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஏற முடியாமல், ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். கியர் என்பது வண்டிக்குப் பொருத்துவதல்ல, சுமைக்குப் பொருத்துவது. 3 அங்குல லக் ஒவ்வொரு முறையும் 2.25 அங்குல லக்கைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உயரத்துக்குப் பனியை வாரித் தள்ளுகிறது. பட்டையின் எடையும் கூடுதல். பழைய நகர்வையே நூல் பிசகாமல் காப்பாற்றிய என் கணக்கு, கூடிய சுமையைப் பழைய கியரிலேயே இழுக்கச் சொல்லியிருந்தது. இதை நான் வீட்டிலேயே யோசித்திருக்க வேண்டும்; யோசிக்கவில்லை.

இரண்டாம் முறை, எஞ்சினிலிருந்து தொடங்காமல் தரையிலிருந்து தொடங்கினோம். முதலில் லக், அடுத்து இடைவெளி, அதன்பின் டிரைவர், கடைசியில்தான் செயின் பெட்டி. 3.0 பிட்ச்சில் 7 பல் டிரைவர் எடுத்தால் ஆரம் 3.34 அங்குலமாகச் சுருங்குகிறது. இடைவெளி ஏழு நூலுக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. ஒரு சுற்றுக்கு நகர்வு 21 அங்குலம். செயின் பெட்டியைத் தொடாமல் 20-க்கு 43 என்றே விட்டால், மேல் ஷாஃப்டின் சுற்றுக்கு 9.77 அங்குலம், பழையதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு, ஆகவே அதே எஞ்சினுக்குப் பட்டையில் கிடைக்கும் இழுவிசை சுமார் 14 சதவீதம் கூடுதல். கிளட்ச்சுகள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும் ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையை எட்டி, எஞ்சின் 8000-இல் ஓடினால், தாளில் வேகம் மணிக்கு 136 கிலோமீட்டரிலிருந்து 119-ஆக இறங்கும். மருமகனுக்கு முதலில் அந்த 17 கிலோமீட்டரை விட மனமில்லை. ஆழப்பனியில் நீ எப்போதாவது அறுபதைத் தொட்டிருக்கிறாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஏழு பல் ஜோடியை வாங்கி வந்தான்.

அந்த ஜோடியை ஷாஃப்டில் ஏற்றும்போது நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களும் இதில் ஏமாறக்கூடும். ஷாஃப்ட் ஆறுபட்டை வடிவம். டிரைவரின் துளையும் ஆறுபட்டை. ஆகவே சக்கரத்தை ஆறு விதமாக ஏற்றலாம், ஆறும் இறுக்கமாகப் பொருந்தும். ஆனால் பற்கள் ஏழு. ஒரு பட்டை தள்ளி ஏற்றினால் 60 பாகை திரும்புகிறது. பல்லுக்குப் பல் 51.43 பாகை, வித்தியாசம் 8.57 பாகை. அந்த ஆரத்தில் அது மிகச் சரியாக நாலு நூல் வருகிறது. அதாவது இடது சக்கரத்தின் பல் பட்டையைப் பிடிக்கும்போது, வலது சக்கரத்தின் பல் அரை அங்குலம் முன்னாலோ பின்னாலோ நிற்கும். பட்டை கோணிக்கொண்டு ஒருபக்கம் தேயும். இன்டெக்சிங் ஹெட்டில் வாழ்நாள் முழுவதும் பல் பிரித்த எனக்கு, ஷாஃப்டை மேசைமேல் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோதே இரண்டு சக்கரங்களின் பற்களும் ஒரே வரியில் இல்லை என்பது தெரிந்துவிட்டது. சக்கரத்தின் பக்கவாட்டில் இதற்கென்றே சிறு குறி ஒன்று வார்ப்பிலேயே இருக்கிறது. இரண்டு குறிகளும் ஷாஃப்டின் ஒரே பட்டையில் அமர வேண்டும். பிரஸ்ஸில் ஏற்றும் முன் அதைப் பார்க்காமல் விட்டு, பிறகு இழுத்துக் கழற்றி மறுபடி ஏற்றினால், பிளாஸ்டிக் துளை தளர்ந்துபோகும்.

சிறிய டிரைவருக்கு ஒரு விலை உண்டு. பட்டை அதன்மேல் கூடுதலாக வளைய வேண்டியிருக்கிறது. பிடித்திருக்கும் பற்களும் குறைவு. ஆகவே பட்டை சற்றுத் தளர்ந்தாலும், சுமையோடு கிளம்பும்போதோ சடாரென்று பிரேக் அழுத்தும்போதோ, பல் ஏறித் தாண்டி ‘கடகட’வென்று அடிக்கும். டிரைவரில் உள்வகை, வெளிவகை என்று இரண்டு உண்டு. உள்வகை, பட்டையின் உட்புறத்தில் இருக்கும் ரப்பர்க் குமிழ்களைத் தள்ளுகிறது. வெளிவகை, பட்டையில் உள்ள சன்னல் போன்ற துளைகளுக்குள் பல்லை விட்டுப் பிடிக்கிறது. நாங்கள் முதலில் போட்ட எட்டுப் பல் சக்கரம் உள்வகை மட்டுமே. ஏழு பல்லில் இரண்டும் சேர்ந்த வகையை வாங்கினோம்; விலை கூடுதல்தான், ஆனால் பட்டையை வீணை நரம்பு போல் இறுக்கி வைக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. பல் தாண்டாமல் இருக்கப் பட்டையை இறுக்குபவர்கள், எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதியைப் பட்டையை வளைப்பதற்கே செலவழிக்கிறார்கள் என்பது என் எண்ணம். எவ்வளவு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்வு இருக்க வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் இருக்கிறது. அதற்கு மேல் இறுக்கக் கூடாது.

செயின் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ பழைய செயினையே டென்ஷனர் சமாளிக்கும். மேலும் கீழுமாகச் சேர்த்து அதற்கு மேல் பற்கள் மாறினால் செயினின் நீளமும் மாற வேண்டியிருக்கும், ஆகவே சக்கரத்தோடு செயினுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பெட்டியைத் திறந்த கையோடு எண்ணெயை மாற்றி, காந்தத் திருகில் ஒட்டியிருப்பதைத் துடைத்துப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் குழம்பு இயல்பானது, ஊசி போன்ற துணுக்குகள் இயல்பானவை அல்ல.

இரண்டாம் நாள் ஏற்றத்தில் முள் 7900-இல் நின்றது. அதே சரிவில் வண்டி குழி தோண்டாமல், பனியைப் பின்னால் விசிறிக்கொண்டு மேலே போய், மரங்களுக்கு அப்பால் மறைந்து, பத்து நிமிடம் கழித்து வேறொரு பக்கத்திலிருந்து இறங்கி வந்தது. எஞ்சினை நிறுத்தியதும் மூடியைத் திறந்து இரண்டு கிளட்ச்சுகளின் மேலும் வெறுங்கையை வைத்தேன். முதல் நாள் ஒரு நொடிகூட வைக்க முடியாத இரண்டாம் கிளட்ச்சின்மேல், சூடான டீ டம்ளரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. மார்க்கர் கோடு முக்கால்பங்குக்கு மேல் அழிந்திருந்தது.

இவ்வளவு நன்றாக ஏறுகிறதே, மேலே 19 பல் போட்டு இன்னும் இறக்கினால் என்ன என்று மருமகன் ஆசைப்பட்டான். நான் சம்மதிக்கவில்லை. மலையடிவாரத்திலிருந்து பொடிப்பனி வரையிலான கெட்டிப் பாதையில் எஞ்சின் வீணாகக் கத்திக்கொண்டு ஓடும். உயரமான லக் கெட்டிப் பாதையில் மடங்கி மடங்கிச் சூடாகி வேரோடு பிய்யவும் செய்யும். தவிர, முதல் கிளட்ச்சுக்குள் சுழன்று பெல்ட்டை மேலேற்றும் எடைகளைச் சரிசெய்து பார்க்காமலே பல்லைக் குறைத்துக்கொண்டே போவது, செருப்பு கடிக்கிறது என்று காலை வெட்டுவது போன்றது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். கிளட்ச் எடையில் சிறு மாற்றம் செய்ததிலேயே மீதி 100 சுற்றும் வந்து சேர்ந்தது.

நான் பங்குனியில் ஊர் திரும்பிவிட்டேன். சீவப்பட்ட அந்த ரப்பர்ச் சுருள் ஒன்று இப்போதும் பட்டறை மேசையின் இழுப்பறையில், வெர்னியர் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சென்ற குளிர்காலத்தில் மருமகனின் நண்பர் ஒருவர் தம் வண்டிக்கு உயரமான லக் பட்டை வாங்க நினைத்து அவனிடம் யோசனை கேட்டிருக்கிறார். அவன் எனக்கு அனுப்பிய செய்தியில் விலையும் இல்லை, பிட்ச்சும் இல்லை. கூலருக்கும் பழைய லக்குக்கும் நடுவே இரும்பு ஸ்கேலை நிறுத்தி எடுத்த புகைப்படம் மட்டும் இருந்தது. விரலால் பெரிதாக்கிக் கோடுகளை எண்ணினேன், ஒன்பது நூல். இப்போது அதில் எத்தனை பல் டிரைவர் இருக்கிறது என்று கேட்டு எழுதிவிட்டு, பென்சிலைச் சீவினேன்.